மல்டிபிள் எக்ஸ்போஷர் கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது?

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தம்பி கேமராத் திரையை என் முன்னால் நீட்டினான். "தனித்தனியா எடுத்தா ரெண்டுமே நல்லாத்தான் வருது அண்ணா. சேர்த்தா மட்டும் ஏன் இப்படி ஆகுது?" மல்டிபிள் எக்ஸ்போஷர் என்பது ஒன்றுக்கு மேற்பட்ட ஃப்ரேம்களைக் கேமராவுக்குள்ளேயே ஒரே படமாகச் சேர்ப்பது. அவனுடைய முதல் ஃப்ரேம் கபாலீசுவரர் கோயில் கோபுரம். இரண்டாவது, பூக்கடைக் கூடையில் குவிந்து கிடந்த சாமந்தி. சேர்ந்து வந்தது தண்ணீர் கலந்த பால் மாதிரி இருந்தது. கோபுரமும் தெரிந்தது, பூவும் தெரிந்தது, இரண்டிலும் உயிரில்லை.

அவன் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. தனியாகப் பார்க்க நன்றாக இருக்கும் படம், சேர்ப்பதற்கும் நல்ல படமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நிழலிலும் விவரம் வேண்டும், வெளிச்சத்திலும் விவரம் வேண்டும் என்று எடுத்துப் பழகிவிட்டோம். மல்டிபிள் எக்ஸ்போஷரில் ஒரு ஃப்ரேம் இன்னொரு ஃப்ரேமுக்கு இடம் விட வேண்டும். அந்தக் காலி இடம்தான் கறுப்பு. என்னிடம் வரும் கெட்டுப்போன படங்களில் பெரும்பாலானவை, கறுப்பு கறுப்பாக இல்லாததால் கெட்டவை. மீதிக்குக் காரணம் வெப்பம், காற்று, விளக்கு, மெனு. சென்னையில் இந்த நான்குக்கும் பஞ்சமில்லை.

கோளாறு தேடும் முன்

ஃப்ரேம்களைத் தனித்தனியாகவும் சேமிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதை இப்போதே போட்டுவிடுங்கள். 2012இல் வந்த கேனான் 5டி மார்க் 3 முதலே 'எல்லாப் படமும்', 'முடிவு மட்டும்' என்று இரண்டு தேர்வு உண்டு. நிக்கானின் புதிய கேமராக்களிலும் இருக்கிறது. முடிவு மட்டும் கையில் இருந்தால் எந்த ஃப்ரேம் கெடுத்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. கலந்த பிறகு பிரிக்கவும் முடியாது.

அப்புறம், எந்த முறையில் சேர்க்கிறீர்கள் என்று பாருங்கள். அடிட்டிவ் எல்லா வெளிச்சத்தையும் அப்படியே கூட்டும். ஆவரேஜ் கூட்டி, ஃப்ரேம் எண்ணிக்கையால் வகுக்கும். பிரைட், சில கேமராவில் லைட்டன், ஒவ்வொரு புள்ளியிலும் எந்த ஃப்ரேம் பளிச்சோ அதை மட்டும் வைக்கும். டார்க் அதற்கு நேர்மாறு. பழைய நிக்கான்களில் இந்தப் பெயர்கள் இருக்காது. ஆட்டோ கெயின் என்று ஒன்று இருக்கும். அது போட்டிருந்தால் ஆவரேஜ், அணைத்திருந்தால் அடிட்டிவ். கீழே சொல்லும் கோளாறுகளில் பாதிக்கு இந்த ஒரு மெனுவை மாற்றினாலே போதும்.

படம் வெளுத்துப்போகிறது, வானத்தில் ஒன்றுமே இல்லை

அடிட்டிவ் முறையில், ஒவ்வொரு ஃப்ரேமையும் சரியான எக்ஸ்போஷரில் எடுத்திருப்பீர்கள். இரண்டு சரி சேர்ந்தால் ஒரு ஸ்டாப் அதிகம், அதாவது வெளிச்சம் இரட்டிப்பு. ஃபிலிமில் பளிச்சென்ற பகுதி மெதுவாக வளைந்து வெண்மைக்குப் போகும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டல் சென்சார் பொறுக்காது. நிரம்பியதும் அங்கேயே வெட்டிவிடும். ஃபிலிமில் பழகிய பெரியவர்கள் டிஜிட்டலில் முதன்முதலாகச் சேர்க்கும்போது ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கணக்கு எளிது. இரண்டு ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றையும் 1 ஸ்டாப் குறைத்து எடுங்கள். மூன்றுக்கு 1.5, நான்குக்கு 2, எட்டுக்கு 3. எதால் குறைப்பது என்பதும் முக்கியம். ஐஎஸ்ஓவில் இறங்க இடம் இருந்தால் அதில்தான் முதலில் இறங்குங்கள். ஐஎஸ்ஓ 400இல் இருந்து 200க்கு வந்தால் சென்சாரில் விழும் வெளிச்சம் குறையாது, பெருக்கம் மட்டும் குறையும். இரண்டு ஃப்ரேமின் முழு வெளிச்சமும் படத்தில் சேரும், நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் பொரிப்புள்ளி, ஒரு ஃப்ரேமைவிடக் குறைவாகவே இருக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் மொத்தத்தில் ஒரு ஃப்ரேமின் வெளிச்சம்தான் கிடைக்கும். முதல் ஃப்ரேமின் ஐஎஸ்ஓவையே மற்ற ஃப்ரேம்களுக்கும் பிடித்துக்கொள்ளும் கேமராக்கள் உண்டு. அதனால் தொடங்குமுன்பே வைத்துவிடுங்கள்.

பின்னணி இருட்டாக இருந்தால் இந்தக் கழித்தல் வேண்டாம். கறுப்புத் துணி முன்னால் ஒருவரையே இரண்டு இடத்தில் உட்காரவைத்து எடுக்கிறீர்கள் என்றால் இரண்டும் முழு எக்ஸ்போஷரிலேயே இருக்கட்டும், அடிட்டிவிலேயே. அங்கே ஆவரேஜ் போட்டால் இரண்டு முகமும் பாதி வெளிச்சத்தில் சோர்ந்துபோய் நிற்கும்.

சாம்பல் பூசின மாதிரி, இரண்டும் மங்கல்

தம்பியின் படம் இதுதான். கேமரா ஆவரேஜில் இருந்தது. ஆவரேஜில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பாதி பலம்தான். கோபுரத்தின் நிழலில் சாமந்தியின் பாதி வெளிச்சம் போய் உட்காரும், சாமந்தியின் நிழலில் வானத்தின் பாதி. எங்கேயும் கறுப்பு மிஞ்சாது.

அன்றைக்கே அங்கேயே திருப்பி எடுத்தோம். குளம் இருப்பது கோயிலுக்கு மேற்கே. எழுந்து மாடவீதி வழியாகக் கிழக்குப் பக்கம் போனோம். மாலையில் உயரமான கிழக்குக் கோபுரத்தின் முன் நின்று மேற்கே பார்த்தால் கோபுரத்துக்குப் பின்னால் வானம் வெளுத்திருக்கும், கோபுரம் நிழலுருவாக நிற்கும். மீட்டரை வானத்தில் வைத்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எக்ஸ்போஷரை ஏற்றச் சொன்னேன். ஹிஸ்டோகிராமில், அதாவது வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தில், வானத்தின் மேடு வலது சுவரைத் தொட்டதும் நிறுத்தச் சொன்னேன். அதற்கு மேல் போனால் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் இருட்டிலிருந்து எட்டிப்பார்க்க ஆரம்பிக்கும். வானம் வெண்மை, கோபுரம் கரி. தனியாகப் பார்த்தால் யாருமே வைத்துக்கொள்ளாத படம் அது.

பிறகு அடிட்டிவுக்கு மாற்றி, அதன்மேல் சாமந்தியை எடுத்தோம். லைவ் வியூவில், அதாவது திரையில் நேரடியாக ஓடும் காட்சியில், முதல் ஃப்ரேம் மேலே படிந்து தெரியும். கூடையை நெருங்கி, பூக்களைக் கோபுரத்தின் உருவத்துக்குள் நிரப்பி, 1 ஸ்டாப் குறைத்து ஷட்டரை அழுத்தினான். ஏற்கெனவே வெண்மையில் நிரம்பிய வானம் பூவை ஏற்கவில்லை. கரியாக இருந்த கோபுரம் மட்டும் நிலை நிலையாக மஞ்சள் பூவால் ஆனது. திரையை அவன் பெரிதாக்கிப் பார்த்தான். கலசத்தின் விளிம்புகூடக் கூர்மையாக இருந்தது. பிரைட் முறையிலும் ஏறக்குறைய இதே முடிவு வரும். வானத்தை முழு வெண்மைக்குக் கொண்டுபோக மனம் இல்லாதவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இதே சாமர்த்தியத்தைக் கடற்கரையில் செய்தால் நிழலுரு கறுப்பாக வராமல் நீலம் பாய்ந்து நிற்கும். காற்றில் இருக்கும் உப்பும் ஈரமும் ஒளியைச் சிதறடித்து, தூரத்துப் பொருளின் இருட்டை நிரப்பிவிடுகின்றன. பொருளுக்கு அருகே போங்கள். அதுதான் தீர்வு. மெரினாவில் ஐம்பது அடியில் நிற்கும் ஆள் நிழலுருவாக வருவார். துறைமுகத்துக் கிரேன் வராது.

நிழலைத் தானாகத் தூக்கிக் காட்டும் வசதிகள், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங் போன்றவை, இருந்தால் அணைத்துவிடுங்கள். அவற்றின் வேலையே நீங்கள் பாடுபட்டு வாங்கிய கறுப்பைச் சாம்பலாக்குவது.

இருட்டுப் பகுதி பொரிபொரியாக இருக்கிறது

இங்கே எந்த முறை என்பதைப் பொறுத்து நோயே வேறு. ஒரே காட்சியை அசையாமல் ஆவரேஜில் எடுத்தால் நாய்ஸ் குறையத்தான் வேண்டும். தாறுமாறான நாய்ஸ் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு இடத்தில் விழுவதால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 4 ஃப்ரேம் சேர்த்தால் பாதி, 9 ஃப்ரேம் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு. பட்டினப்பாக்கத்து அலையைப் பகலில் பஞ்சாக்க நான் பயன்படுத்துவது இதைத்தான். 9 ஃப்ரேம், ஆவரேஜ், ஐஎஸ்ஓ 100. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வாங்கக் காசு சேரும்வரை இது போதும்.

பிரைட் முறையில் கதை தலைகீழ். ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்பது அளவுகளில் பெரியதுதான் தங்கும். இருண்ட வானத்தில் அந்தப் பெரிய அளவு பெரும்பாலும் நாய்ஸ்தான். ஃப்ரேம் கூடக்கூட வானம் வெளுத்து, சொரசொரப்பாகும். தீபாவளி வாணங்களை மொட்டைமாடியிலிருந்து பிரைட்டில் சேர்ப்பவர்கள் இதை நன்றாகப் பார்த்திருப்பார்கள். அதில் புகையும் சேர்ந்துகொள்ளும். ஒன்பது வரை போகாதீர்கள். மூன்று நல்ல வாணம் போதும், ஐஎஸ்ஓ 100, ஒவ்வொரு ஃப்ரேமும் 3, 4 விநாடி. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகை உங்களை நோக்கி வராத பக்கம் நில்லுங்கள்.

அடிட்டிவில் ஷட்டரைக் குறைத்து எடுத்த ஃப்ரேம்களில் வேறொரு சங்கடம். வெளிச்சம் குறைந்தாலும், சென்சாரைப் படிக்கும்போது சேரும் நாய்ஸ் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒருமுறை வந்து சேரும். ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறைப்பதும், வெளிச்சம் இருக்கும் நேரத்தில் எடுப்பதும்தான் மருந்து.

சிவப்பு, நீலப் புள்ளிகள், எப்போதும் ஒரே இடத்தில்

இது ஹாட் பிக்சல். தாறுமாறான நாய்ஸ் போல ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது, ஒவ்வொரு ஃப்ரேமிலும் அதே இடத்தில் வரும். அடிட்டிவில் கூடும், பிரைட்டில் அப்படியே தங்கும், ஆவரேஜிலும் போகாது. சென்சார் சுட்டால் அதிகமாகும். வெப்பம் சுமார் 6 முதல் 8 டிகிரி ஏறும்போதெல்லாம் சென்சாரின் இருட்டு மின்னோட்டம், அதாவது வெளிச்சம் படாமலே கசியும் மின்னோட்டம், இரட்டிப்பாகிறது. கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி. லைவ் வியூ ஓடிக்கொண்டிருக்கும் கேமராவின் உள்ளே அதைவிட அதிகம். மே மாதத்தில் ஃப்ரேமை அமைத்து முடித்ததும் திரையை அணையுங்கள், பையை நிழலில் வையுங்கள், வியூஃபைண்டரில் பார்த்து எடுங்கள்.

புள்ளி கறுப்பாக, ஓரம் மங்கலாக இருந்தால் அது சென்சார்த் தூசி. லென்ஸ் துவாரம் சிறிதாகும் எஃப்/16இல் தெளிவாகவும், பெரிதாகும் எஃப்/4இல் மங்கலாகவும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். நிழலுருப் படங்களில் வெண்மையான வானம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். சுத்தம் செய்து வாருங்கள்.

விளிம்பு இரட்டையாகத் தெரிகிறது

நேப்பியர் பாலத்தை 2022 செஸ் ஒலிம்பியாட்டுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டமாக்கியபோது, ட்ரைபாடில் வைத்து எடுத்த என் படங்களில் கட்டங்கள் எல்லாம் சாம்பலாகக் குழைந்திருந்தன. ஒரு பிக்சல், இரண்டு பிக்சல் நகர்ந்தாலே அடுத்தடுத்த கறுப்பும் வெள்ளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அன்று காரணம் பாலத்தில் ஓடிய பேருந்துகள். நடைபாதையே அதிர்ந்துகொண்டிருந்தது. பாலத்துக்கு வெளியே, கெட்டித் தரையில் நின்றதும் சரியாகிவிட்டது.

மணலில் வேறு காரணம். அலை வந்து போகும் ஈர மணலில் ட்ரைபாட் கால் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. காலை மணலில் கெட்டியாகும்வரை முதலிலேயே அழுத்திவிடுங்கள். நான் மூன்று கொட்டாங்கச்சி கொண்டுபோவேன். குழிவுக்குள் காலை வைத்தால் எடை பரவும், இறங்காது. நடுக்கம்பத்தை ஏற்றாதீர்கள், கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று பட்டையைப் பிடித்து ஆட்டும். கையால் அழுத்தாமல் 2 விநாடி டைமரோ ரிமோட்டோ போடுங்கள்.

ட்ரைபாட் கல்போல நின்றும் இரட்டை வந்தால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, கை நடுக்கத்தை ஈடுசெய்யும் ஸ்டெபிலைசர். ட்ரைபாடில் இருக்கும்போது அதை அணைக்க வேண்டும். இரண்டாவது, ஆட்டோ ஃபோகஸ். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அது மறுபடி தேடினால், பல லென்ஸ்களில் ஃபோகஸ் நகரும்போது காட்சியின் அளவும் மாறும். நடுவில் சரியாக இருந்து ஓரத்துக்குப் போகப்போக இரட்டை அதிகமானால் இதுதான். முதல் ஃப்ரேமில் ஃபோகஸ் பிடித்ததும் மேனுவலுக்குத் தட்டிவிடுங்கள்.

பனி மூட்டம் மாதிரி ஒரு ஒளிவட்டம்

குறிப்பாக முதல் ஃப்ரேமில் மட்டும் இருந்தால், ஏசி. விடியற்காலையில் ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ கேமராவை எடுத்துக்கொண்டு நேரே சாந்தோம் கடற்கரைக்குப் போனால், குளிர்ந்த கண்ணாடியில் காற்றின் ஈரம் படியும். முதல் ஃப்ரேமில் கலங்கரை விளக்கத்தைச் சுற்றி மூட்டம், பத்து நிமிடம் கழித்து எடுத்த இரண்டாவது பளிச். சேர்ந்தால், கூர்மையான படத்தின்மேல் கண்ணாடித்தாள் ஒட்டின மாதிரி. துடைக்காதீர்கள், மறுபடி படியும். கேமராவைப் பையிலேயே மூடி வைத்து, பையை அரைமணி நேரம் வெளிக்காற்றில் விடுங்கள். நான் முதல்நாள் இரவே பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுவேன்.

விளக்குக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் பச்சைப் பொட்டுகள் வந்தால் அது லென்ஸ் முன்னால் மாட்டிய யூவி ஃபில்டர். கத்திப்பாரா மேம்பாலத்து விளக்குகளை நான்கு ஃப்ரேம் சேர்த்தால் பொட்டும் நான்கு மடங்கு. கழற்றுங்கள்.

நிலா வெறும் வெள்ளை வட்டு

பௌர்ணமியன்று கடலிலிருந்து எழும் நிலாவை நகரத்தின்மேல் பெரிதாக வைக்க எல்லோருக்கும் ஆசை. நகரத்துக்கு வைத்த எக்ஸ்போஷரிலேயே நிலாவையும் எடுத்தால் வட்டுதான் வரும். நிலா வெயிலில் கிடக்கும் பாறை. உச்சியில் இருக்கும்போது எஃப்/11, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 என்று தொடங்குங்கள். அடிவானத்தில் செம்மையாக இருக்கும்போது ஒன்றிரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டியிருக்கும்.

முறை பிரைட்டாக இருக்கட்டும். சென்னையின் இரவு வானம் கறுப்பு கிடையாது. விளக்குகளின் மங்கல் அதில் எப்போதும் இருக்கும். அடிட்டிவில் அந்த மங்கல் நிலாவின் கருமையான பகுதிகளை நிரப்பி, நிலாவை நீர்த்துப்போகச் செய்யும். எந்த முறையானாலும் நிலாவைக் கட்டட விளக்குகள்மேல் வைக்காதீர்கள். எல்ஐசி கட்டடத்து ஜன்னல்கள் நிலாவுக்குள்ளே எரியும்.

நிறம் சேறாகிறது

பச்சை இலையைச் சிவப்புப் பட்டின்மேல் ஆவரேஜில் சேர்த்தால் பழுப்புதான் வரும். பிரைட்டில் சேர்த்தால் மஞ்சள் எட்டிப்பார்க்கும், ஏனெனில் ஒப்பீடு சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக நடக்கலாம். ஒரு ஃப்ரேமுக்கு நிறம், இன்னொன்றுக்கு வடிவம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மார்கழிக் கோலத்தின் வெள்ளைக் கோடு எந்த நிறத்தோடும் சண்டை போடாது.

ஒயிட் பேலன்ஸை, அதாவது எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்ற அமைப்பை, தானியங்கியில் விடாதீர்கள். எல்இடி தெருவிளக்கும் நீல வேளை வானமும் அதை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். சேர்ந்த படம் ரா ஃபைலாக, அதாவது கேமரா பதப்படுத்தாத கோப்பாக, வந்தால் மொத்தத்துக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ்தான். கணினியில் கோபுரத்தை மட்டும் சூடாக்க முடியாது. 5200 கெல்வின் அளவில் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

பட்டைகள்

படுக்கைவாட்டில் வெளிச்சப் பட்டை வந்தால் விளக்கு மினுக்குகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100, 1/50 அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் பட்டை வேறு இடத்தில் விழுவதால், சேர்த்தபின் பார்த்தால் காரணமே புரியாது. தனி ஃப்ரேம்களைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். டிஜிட்டல் விளம்பரப் பலகைகள் வேறு வேகத்தில் மினுக்கும். அவற்றை ஃப்ரேமுக்கு வெளியே விடுவது நல்லது.

மாலை வானத்தில் படிப்படியாக நிறம் உடைந்தால் ஜேபெக். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் அதில். 14 பிட் ராவில் 16,384. குறைத்து எடுத்த ஃப்ரேம்களைக் கூட்டி, பிறகு கணினியிலும் இழுத்தால் 256 போதாது.

பாதியிலேயே முடிந்துவிட்டது

மூன்று ஃப்ரேம் கேட்டீர்கள், இரண்டோடு கேமரா முடித்துக்கொண்டது. நிக்கான்களில் சுமார் 30 விநாடி எதுவும் எடுக்காவிட்டால் தொடர் தானாக முடியும். ஸ்டேண்ட்பை டைமரை நீட்டினால் அவகாசம் கிடைக்கும். ஆட்டோ கெயின் போட்டிருந்தால் எடுத்த ஃப்ரேம்களுக்கு ஏற்றபடி வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். அணைத்திருந்தால், மூன்றுக்கென்று 1.5 ஸ்டாப் குறைத்து எடுத்தது இரண்டோடு நின்று படம் இருட்டாக இருக்கும். கேனானில் சுவிட்சை அணைத்தாலோ பேட்டரியை மாற்றினாலோ தொடர் ரத்தாகும். ஆனால் கார்டில் இருக்கும் ஒரு ரா படத்தை முதல் ஃப்ரேமாக எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடரும் வசதி அதில் உண்டு. கரியாக வந்த அந்தக் கோபுரத்தின் ரா ஃபைலைத் தம்பி இன்னும் அழிக்கவில்லை. மல்லிக்கு ஒன்று, கனகாம்பரத்துக்கு ஒன்று என்று அதே கோபுரத்தை வாரம் ஒரு பூவால் நிரப்பிக்கொண்டிருக்கிறான்.